பேர் சொல்லாத ஜெபம்

உள்ள தள்ளி நல்லா உக்காருங்கம்மா. என் பையை நான் மடியில வச்சுக்கிடுறேன், உங்க காலுக்கு இடிக்க வேண்டாம். கோவில்பட்டி வரைக்குமா? சரி, சரி. நான் கடைசி வரைக்கும். பாளையங்கோட்டை.

அது என்ன இத்தனை பேப்பர்? பரீட்சைப் பேப்பரா? அப்ப காலேஜ் டீச்சரா நீங்க! காலேஜ்ல வேற பேர் சொல்வாங்க, தெரியும், ஆனா பாடம் நடத்துற எல்லாரும் எனக்கு டீச்சர்தான். நான் பத்தாம் கிளாஸோட சரி. தப்பா நினைக்காதீங்க, மேல இருந்த கேள்வியைப் படிச்சிட்டேன். 'இலக்கியத்திலும் வாழ்க்கையிலும் நகைச்சுவை'. சிரிப்புக்குக்கூடப் பரீட்சை உண்டா டீச்சர்? அதுல பெயிலான பிள்ளைங்க என்ன செய்யும்? அழுமா?

ஏன் சிரிக்கீங்க, நெசமாத்தான் கேட்டேன்.

இல்ல, நீங்க திருத்துங்க, நான் பேசல. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கிடுறேன். உங்கள மாதிரி ஒரு ஆளு பக்கத்துல வந்து உக்காருறது எனக்குத் தினமும் கிடைக்காது. ஒருத்தரைப் பத்தி ஒரு ஜோக் சொல்றாங்கன்னு வைங்க. ஊரே விழுந்து விழுந்து சிரிக்குது. அந்த ஒரு ஆளு மட்டும் சிரிக்கல. அப்ப அது ஜோக்கா, இல்லையா?

இடத்தைப் பொறுத்ததா. எங்க ஐயரும் அதத்தான் சொன்னாங்க. எங்க கோயில் பாஸ்டரைத்தான் நாங்க ஐயர்னு சொல்வோம். படிச்சவங்க எல்லாரும் இடத்தைப் பொறுத்ததுன்னு சொல்லிட்டுப் போயிடுறீங்க. நான்தான் அந்த இடத்துல உக்காந்துட்டு இருக்கேன்.

என்னைப் பத்தித்தான் டீச்சர். என் மகன்தான்.

ஜெபசிங்னு பேரு. எனக்கு முதல்ல ஒரு பொண்ணு, அவ கோயம்புத்தூர்ல குடும்பமா இருக்கா, அவளால ஒரு தொந்தரவும் இல்ல. இவன் ரெண்டாவது. இன்ஜினியரிங் படிச்சான், சென்னையில நல்ல வேலை. அத விட்டுட்டு இப்ப மேடையில நின்னு ஜோக் சொல்றான். நாடகம்னு நினைக்காதீங்க. பட்டிமன்றமும் இல்ல. தனியா நிப்பான். ஒரு மைக், ஒரு தண்ணி பாட்டில். அவ்வளவுதான் சாமான். அதுக்கு டிக்கெட் எடுத்துட்டு ஜனங்க வருது. போன்லயும் வரும். நீங்க பாத்திருப்பீங்களோ என்னவோ, 'அம்மா ஜெபம்'னு ஒண்ணு.

பாத்ததில்லையா? நல்லது. இல்ல, நல்லதுன்னும் சொல்ல முடியல.

எனக்கே அது எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வாரேன். பாடகர் குழுவுல இருக்கிற பொண்ணுங்க என்னையப் பாத்து வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுங்க. சேலையிலதான் என்னமோ ஆயிட்டுன்னு முந்தானையை இழுத்து இழுத்துப் பாக்கேன். எங்க தெரு ஹெலன் இருக்கா, அவதான் ஓரமா கூட்டிட்டுப் போய், "ராஜபுஷ்பம் அக்கா, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க"ன்னு போனைக் காட்டினா.

எம்மகன் நிக்கான். தோள்ல கிடந்த துண்டை எடுத்துத் தலையில முக்காடு போட்டான். கண்ண மூடினான். மூடிட்டு என் குரல்லயே பேசுறான் டீச்சர்! அப்படியே என் குரல்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. இந்தக் குடும்பத்தை இம்மட்டும் காத்தீரே, நன்றி. இந்த வீட்டுல ஒருத்தங்க குளிச்சிட்டு ஈரத்துண்டைக் கட்டில்லயே போடுறாங்க. அவங்க யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, நீர் அறிவீர். அவங்க மனசைத் தொடும். முடிஞ்சா அந்தத் துண்டையும் தொடும், எவ்வளவு ஈரம்னு உமக்கே தெரியும். இன்னொருத்தன் தினமும் பிந்தித்தான் வீட்டுக்கு வாரான். எங்க போயிட்டு வாரான்னு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லும்..."

இத்தனையும் சொல்லிட்டு, ஒரு கண்ணை மட்டும் லேசாத் திறந்து பாக்கான். அந்த ஆளு கேட்டுட்டு இருக்காங்களான்னு பாக்கிறதாம் அது! சனங்க நாற்காலியில இருந்து விழுது.

நீங்களும் சிரிக்கீங்க. சிரிங்க, சிரிங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

ஆனா அது பொய் டீச்சர். நான் ஜெபத்துல ஒருநாளும் கண்ணைத் திறந்ததில்ல. அடுப்புல பால் இருந்தா மட்டும்தான். மத்தபடி வீட்ல ஒரு குறை இருந்தா அத எங்க சொல்றது? நேரா சொன்னா சண்டை வரும். ஆண்டவர்கிட்ட சொன்னா சண்டை வராது. எல்லாரும் கண்ண மூடிட்டு இருக்கும்போது யார் எதிர்த்துப் பேச முடியும்? எங்க அம்மாவும் அப்படித்தான், எங்க மாமியாரும் அப்படித்தான். எங்க மாமியார் ஜெபத்துல என் மீன்குழம்பையே ஆண்டவர் பாதத்துல வச்சிருக்காங்க. உப்பைப் பத்தி.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவங்க, அதிகம் பேச மாட்டாங்க. மத்தியானம் போர்வையைப் போத்திப் படுத்திருக்காங்க, உடம்பு கிடுகிடுன்னு ஆடுது. குளிர்ஜுரம்னு பயந்துபோய் நான் மாத்திரையும் வெந்நீருமா ஓடுறேன். போர்வையை விலக்கினா காதுல வயரு. கையில போனு. அந்தத் துண்டு வீடியோவைத்தான் பாத்துட்டு இருக்காங்க. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. "இது புதுசு இல்ல புஷ்பம், வந்து நாளாச்சு, நான் அடிக்கடி பாப்பேன்"னு சொல்றாங்க. எப்படி இருக்கும் எனக்கு?

ஒண்ணு சொல்லணும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் ஜெபிச்சு நடக்காத ஒரு காரியம், அந்த வீடியோவுக்கு அப்புறம் நடந்துட்டு. இப்ப துண்டு கொடியிலதான் கிடக்கு. கர்த்தர் கிரியை செய்ய எத்தனையோ வழி.

ஜெபசிங்குக்குப் போன் போட்டேன். "ஏல, எதுக்குல பெத்த தாயைக் கொண்டுபோய்ச் சந்தியில நிறுத்துறே?"ன்னு கேட்டேன். அதுக்கு அவன், "நான் பேர் சொல்லலியேம்மா, ஒரு வீட்டுல ஒரு அம்மான்னுதானே சொன்னேன்"ங்கான். பேர் சொல்லாட்டா? பேர் சொல்லாட்டா ஆள் தெரியாதா டீச்சர்? பாளையங்கோட்டையில பாதிப் பேருக்கு என் குரல் தெரியும். பேர் சொல்லலைங்கிறதெல்லாம் ஒரு சமாதானமா? பேர் சொல்லாமச் சொல்றதுதான் இன்னும் குத்தும். நீங்களே சொல்லுங்க.

"எம்மா, உன்னை எல்லாருக்கும் பிடிச்சிருக்கும்மா. எங்க அம்மாவும் இப்படித்தான்னு எத்தனை பேர் வந்து சொல்றாங்க தெரியுமா"ன்னான். அப்புறம் கேட்டான், "இந்த வாரம் என்ன ஜெபம்மா?" அதான் அவன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிச்ச நேரத்துக்குப் போன் வந்துரும். இந்த வாரம் யாரு மாட்டினா, அப்பா என்ன செஞ்சாங்க, ஹெலன் ஆன்ட்டி கோயில்ல எந்திச்சு சாட்சி சொன்னாங்களான்னு ஒவ்வொண்ணாக் கேப்பான். நான் திட்டுவேன். திட்டத் திட்ட அங்க சிரிப்பான். "இது நல்லாருக்கும்மா, இரு, இத எழுதிக்கிறேன்"பான். கறிக்கடையில எலும்பு கேக்க வந்தவன் மாதிரி இருக்கும் எனக்கு. ஆனாலும் பேசுவான் டீச்சர். சாயங்காலம் கோயில்ல பிள்ளைங்களுக்கு ஓய்வுநாள் பாடசாலை மணி அடிக்கிற வரைக்கும் பேசுவான். சென்னையில இருக்கிற பிள்ளைங்க எது அப்படிப் பேசுது? மூணு வார்த்தையில முடிச்சிருவாங்க, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வைக்கட்டுமா.

நான் அப்ப அத அருமையா நினைக்கல. கேலி பண்றத நிறுத்தணும், அது ஒண்ணுதான் என் மனசுல. எங்க தெருப் பெண்களுக்கு ஒரு ஜெபக்குழு இருக்கு, போன்ல. யாருக்கு என்ன தேவையோ அதைப் பேசி அனுப்பினா எல்லாரும் அவங்கவங்க வீட்ல இருந்து ஜெபிப்பாங்க. அதுல சொன்னேன். 'ஒரு தாயை மேடையில வச்சுப் பரிகாசம் பண்ற ஒரு மகன் வாய் அடைபடணும்'னு சொன்னேன். எல்லாரும் ஆமென், ஆமென்னு போட்டாங்க. ஹெலன் மட்டும் சிரிக்கிற பொம்மை ஒண்ணு போட்டுட்டு, கை தவறிப் பட்டுட்டுன்னு அழிச்சா.

வாய் அடைபடணும்னு கேட்டது நான்தான். ஆண்டவர் கேட்டுட்டார்.

அது எப்படின்னு சொல்றேன். இருங்க, இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கிடுறேன், காத்து ரொம்ப அடிக்கு. ஆங், போதும்.

எம்மருமக மெர்லின். நாசரேத்துப் பிள்ளை. நாசரேத்னா நம்ம தூத்துக்குடிப் பக்கம் இருக்கிற நாசரேத். சாதுவான பொண்ணு, வேலைக்குப் போகுது. அது மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. கொஞ்சம் பேச்சு கம்மி, முடியை வெட்டி விட்டிருக்கு, காலையில லேட்டா எந்திக்கும், அவ்வளவுதான். குறையாச் சொல்லல.

போன வருஷம் மழைக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் வர வேண்டிய போன் நாங்க கோயிலுக்குக் கிளம்பும்போதே வந்துட்டு. ஜெபசிங் குரல் குரலா இல்ல. "எம்மா, மெர்லினுக்கு மூணாவது மாசம். உங்ககிட்ட கிறிஸ்மஸுக்கு வந்து நேர்ல சொல்லலாம்னு இருந்தோம். தங்கலம்மா. ஆஸ்பத்திரியில இருக்கோம்"னான். நான் அப்படியே அரிசிமூடை மேல உக்காந்துட்டேன். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. ஜெபம் மட்டும் பண்ணு"ன்னு சொல்லி வச்சுட்டான்.

இப்ப சொல்லுங்க டீச்சர். யார்கிட்டயும் சொல்லாத, ஜெபம் மட்டும் பண்ணு. அது எப்படி முடியும்? பேரப்பிள்ளை போயிட்டு. மருமக ரத்தம் போய்க் கிடக்கு. அந்த நேரத்துல நான் ஒருத்தி ஜெபிச்சாப் போதுமா, எல்லாரும் சேர்ந்து ஜெபிக்க வேண்டாமா? வீடு தீப்பிடிச்சா, ஒரே ஒரு வாளிதான்னு கணக்குப் பாத்துட்டா இருப்போம்?

போன்ல பேசி அனுப்பிட்டேன். ஆனா பேர் சொல்லல. சத்தியமாப் பேர் சொல்லல. 'சென்னையில இருக்கிற ஒரு மகள், நாசரேத்தைச் சேர்ந்த ஒரு பிள்ளை'ன்னுதான் சொன்னேன். வேற யாரா வேணும்னாலும் இருக்கலாம்லா? 'மூணாம் மாசம் கலைஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கா ஆண்டவரே, அவளைத் தேற்றும்'னு அழுது ஜெபிச்சேன். அழுகையோட அழுகையா, 'அந்தப் பிள்ளை வேலைக்கு அவ்வளவு தூரம் ஸ்கூட்டியில போயிட்டு வருது, மேடும் பள்ளமும், பெரியவங்க சொன்னாக் கேக்காது, அதுக்கு நல்ல புத்தியைக் கொடும்'னு ஒரு வார்த்தை வந்துட்டு. அது அக்கறைதானே? அக்கறை இல்லாதவளா இருந்தா ஸ்கூட்டி என் ஞாபகத்துக்கு வருமா?

நாங்க கோயில் முடிஞ்சு திரும்பி வரதுக்குள்ள அது நாசரேத்துக்குப் போயிட்டு. எங்க குழுவுல இருக்கிற ஒருத்தி அவ நாத்தனாருக்கு அனுப்பியிருக்கா, ஜெபத்துக்குத்தான் அனுப்பினா, பாவம். அவ இன்னொரு ஜெபக்குழுவுல போட்டுட்டா. அங்க இருந்து மெர்லின் அம்மாவுக்கே போயிட்டு. மெர்லின் அதுவரைக்கும் பெத்தவங்ககிட்ட சொல்லவே இல்லியாம். சாயங்காலம் போன்ல பக்குவமாச் சொல்லலாம்னு இருந்திருக்கு. அந்தம்மா என் குரல்லதான் தன் மக சேதியைக் கேட்டிருக்காங்க. நாலு பேர் மெர்லினுக்கு பைபிள் வசனம் அனுப்பியிருக்காங்க. ஒருத்தி ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, "ஸ்கூட்டியை வித்துரும்மா"ன்னு சொல்லியிருக்கா.

நல்ல எண்ணத்துல செய்றது இப்படியெல்லாம் திரும்பும்னு யாருக்குத் தெரியும்?

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு ஜெபசிங் கூப்பிட்டான். கத்துவான்னு நினைச்சேன். கத்தல. "எம்மா, அவ அந்த ஸ்கூட்டியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருக்கா. நான்தான் காரணமா, நான்தான் காரணமான்னு கேக்கா. டாக்டர் இல்லைன்னு சொல்லியும் கேக்கா"ன்னான். நான், "பேர் சொல்லலியே மக்கா"ன்னேன். அவன், "சரிம்மா"ன்னு சொல்லி வச்சுட்டான். 

அந்த 'சரிம்மா'தான். அதுக்குப் பிறகு ஞாயித்துக்கிழமைப் போன் வரல. நான் போட்டா, அப்பாகிட்ட குடும்மாம்பான். அப்பாகிட்ட மழை பெய்யுதா, கரண்ட் இருக்கான்னு கேப்பான்.

மேடையிலயும் அந்த அம்மா வரல டீச்சர். புதுசு புதுசா வீடியோ வருது. வீட்டு ஓனரைப் பத்தி, டிராஃபிக்கைப் பத்தி, ஜிம்மைப் பத்தி. நான் ஒண்ணு விடாமப் பாக்கேன். எங்கயாவது துண்டை எடுக்கானான்னு பாக்கேன். தோள்ல துண்டே இல்ல. வாய் அடைபடணும்னு கேட்டேன்லா, அப்படியே அடைபட்டுட்டு. என்னைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நல்லதும் இல்ல, பொல்லாததும் இல்ல. கேலி பண்ணும்போதாவது நான் அவன் வாயில இருந்தேன். 

இதுக்கு உங்க பாடத்துல ஒரு பேர் இருக்கா? கேட்டதெல்லாம் கேட்டபடியே கிடைச்சும் உக்காந்து அழறதுக்கு? முரணா. சின்னப் பேராத்தான் வச்சிருக்காங்க.

நேத்து மதுரையில அவன் நிகழ்ச்சி. எங்க வீட்டுக்காரங்கதான் பேப்பர்ல பாத்துட்டு, "போயிட்டு வா. நான் வந்தா நீ என்னையே பேச விட்டுட்டு நிப்பே, தனியாப் போ"ன்னாங்க. டிக்கெட்டும் போன்லயே எடுத்துக் கொடுத்தாங்க. வந்தேன். குளிரூட்டின ஹாலு. எல்லாம் சின்னஞ்சிறுசுங்க. நான் ஒருத்திதான் சேலை. கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டேன், பக்கத்துல ஒரு பொண்ணு, சோளப்பொரி சாப்பிட்டுக்கிட்டு. 

வந்தான் டீச்சர். மெலிஞ்சிருந்தான். வெளிச்சத்துல நெத்தி எலும்பு தெரியுது. சனங்க சிரிக்குது, எனக்கு ஒண்ணும் காதுல விழல, அவன் கழுத்தையே பாத்துட்டு இருந்தேன். நடுவுல யாரோ ஒரு பையன் எந்திச்சு, "அண்ணே, அம்மா ஜெபம்!"னு கத்தினான். உடனே அங்கயும் இங்கயும் 'அம்மா ஜெபம், அம்மா ஜெபம்'னு கைதட்டு. சொல்லு மக்கா, சொல்லுன்னு நானும் கைதட்டினேன். 

அவன் தலையைக் குனிஞ்சு சிரிச்சான். ரெண்டு கையையும் கும்பிட்டான். "அது வேண்டாங்க. வேற கேளுங்க"ன்னான்.

பக்கத்துல இருந்த பொண்ணு என் காதுகிட்ட வந்து, "பாவம் ஆன்ட்டி, அவங்க அம்மா தவறிட்டாங்க போல"ன்னா.

உயிரோட உக்காந்திருக்கேன், பக்கத்துல. கண்ணுல இருந்து கொட்டுது. அந்தப் பொண்ணு கைக்குட்டை கொடுத்துச்சு. "உங்களுக்கு அந்த அம்மாவை அவ்வளவு பிடிக்குமா ஆன்ட்டி?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். "எனக்கும்"னு சொல்லிட்டு அதுவும் மூக்கை உறிஞ்சுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து எனக்காக அழுதோம்.

சிரிக்கலாம் டீச்சர், வாயைப் பொத்தாதீங்க. சொல்லும்போது எனக்கே அப்படித்தான் இருக்கு.

முடிஞ்சு எல்லாரும் அவன்கூடப் படம் எடுக்க நிக்காங்க. நான் தூணுக்கு இந்தப் பக்கம். போவோமா, வேண்டாமான்னு நிக்கும்போது முதுகுல ஒரு கை. திரும்பினா மெர்லின். "சாப்பிட்டீங்களா அத்தை?"ன்னு கேட்டுச்சு. அது ஒண்ணுதான் கேட்டுச்சு. நாலு வார்த்தை ஏசியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

ஹோட்டலுக்குப் போனோம், மூணு பேரும். ஜெபசிங் எனக்குப் பிடிச்ச இடியாப்பத்தை அவனே சொன்னான், என்கிட்ட கேக்கல. சாப்பாடு வந்தது. எங்க குடும்பத்துல சாப்பிடுமுன்ன பெரியவங்க ஒரு ஜெபம் சொல்லணும். மெர்லின்தான், "அத்தை, நீங்க பண்ணுங்க"ன்னுச்சு. கண்ண மூடினேன். எத்தனையோ ஜெபம் பண்ணின வாய் டீச்சர் இது. கல்யாண வீடு, சாவு வீடு, புதுவீடு, பரீட்சைக்குப் போற பிள்ளைங்க. ஒரு வார்த்தை வரல. இந்தப் பிள்ளைங்களை ஒண்ணா உக்கார வச்சதுக்கு நன்றின்னு சொல்லலாம்னா, பிரிஞ்சு இருந்ததைக் குத்தின மாதிரி ஆயிரும். தேற்றும்னு சொன்னா பழசைக் கிளறின மாதிரி ஆயிரும். ஆசீர்வதியும்னு சொன்னா, பிள்ளை கேக்கிறேன்னு ஆயிரும். எதைத் தொட்டாலும் ஒருத்தர் மேல போய்ப் படுது. ஏசி ஹாலுல இருந்தது, தொண்டை கட்டிக்கிட்டு, அதான். கடைசியில ஜெபசிங்தான் ஆமென்னு சொன்னான். சாப்பிட்டோம்.

மெர்லின் கை கழுவப் போனப்ப கேட்டேன். "மக்கா, அந்த அம்மாவைத் திரும்பச் சொல்லு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். ஜனங்க கேக்குதுலா"ன்னேன். "வேண்டாம்மா, இப்ப சொன்னா எனக்குச் சிரிப்பு வராது"ன்னான். ஏம்லன்னேன். சாம்பார்க் கிண்ணத்தைச் சுத்திக்கிட்டே இருந்தான். "முன்னாடி நீ ஜெபத்துல என்ன சொன்னாலும் எங்க யாருக்கும் காயம் படலம்மா. அதான் சிரிச்சேன். எல்லாரையும் சிரிக்க வச்சேன். இப்ப பட்டுட்டு"ன்னான். அப்ப நான் என்ன செய்யணும் சொல்லு, செய்றேன்னேன். "ஒண்ணும் செய்யாதம்மா"ன்னான். ஒண்ணும் செய்யாம இருக்க நான் எங்க படிச்சேன்?

கண்டக்டர் சாத்தூர் சாத்தூர்னு கத்துறாங்க. அடுத்தது உங்க ஊர்தானே? அதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன். கிட்ட வாங்க.

நேத்து ஹோட்டல்ல மெர்லின் காபியை வாங்கி, வாசனை பட்டதும் தள்ளி வச்சுட்டு. படி இறங்கும்போது ஜெபசிங் அது கையில இருந்த சின்னக் கைப்பையைக்கூட வாங்கிக்கிட்டான், முழங்கையைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினான். நானும் ரெண்டு பெத்தவ. எனக்குத் தெரியாதா? ஆனா என்கிட்ட சொல்லல. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, சொல்லல. நானும் கேக்கல. எங்க சின்னம்மா மக வீட்ல என்னைக் கொண்டு விட்டுட்டுப் போயிட்டாங்க.

இன்னைக்குக் காலையில பஸ் ஏத்த அவன் மட்டும் வந்தான். ஜன்னல் பக்கத்துல நின்னான். வண்டி எடுக்கிற வரைக்கும் தண்ணி பாட்டில் மூடியையே திருகிக்கிட்டு நின்னான். அப்புறம் எக்கி, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொன்னான். "எம்மா, எங்களுக்காக ஜெபம் பண்ணும்மா."

ஆஸ்பத்திரியில இருந்து பேசின அந்த ஒரு நாளைத் தவிர அவன் வாயில அந்த வார்த்தை வந்ததில்ல டீச்சர். ஜெபத்தை வச்சுச் சிரிச்சவன். ஆகட்டும் மக்கான்னு கையைத் தூக்கினேன். கையைப் பிடிச்சுக் கீழ இறக்கினான். "இப்ப இல்ல. மனசுக்குள்ள பண்ணு. மனசுக்குள்ள மட்டும்"னான். வண்டி எடுத்துட்டாங்க.

போன் மணி அடிச்சுட்டே இருந்துச்சு. எங்க குழுதான். 'அக்கா, மதுரைக் காரியம் என்னாச்சு, எதுக்கு ஜெபிக்கணும், சொல்லுங்க'ன்னு. அணைச்சுப் பையில போட்டுட்டேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்ககிட்ட மட்டும்தான், நீங்க வேத்து ஆளு, எங்க யாரையும் உங்களுக்குத் தெரியாது.

என்ன? மனசுக்குள்ள என்ன ஜெபிச்சீங்கன்னா கேக்கீங்க?

அதத்தான் டீச்சர் சொல்ல வந்தேன். மாட்டுத்தாவணியில வண்டி எடுத்ததுல இருந்து நீங்க வந்து உக்காருற வரைக்கும் முயற்சி பண்ணிப் பாத்தேன். கண்ண மூடிக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு. ரெண்டு வார்த்தை போகுது, அப்புறம் ஜன்னல் சத்தம் கேக்குது, மத்தியானக் குழம்பு ஞாபகம் வருது, எங்க நிறுத்தினேன்னு தெரியல. திரும்ப ஸ்தோத்திரத்துல இருந்து ஆரம்பிக்கேன். சின்ன வயசுல இருந்தே சத்தமாத்தான் பழக்கம். ஒரு வயித்துல ஒரு உயிர் நிக்கணும், நான் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாம உக்காந்திருக்கேன்.

எனக்கு மனசுக்குள்ள ஜெபிக்கத் தெரியாது டீச்சர்.

அது எப்படின்னு உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லிட்டு இறங்குங்களேன்.